குச்சிக்கு அப்டேட் வராது

வடக்கனந்தல் கல்யாண மண்டபத்தில் நீங்கள் சொன்னது பொய். தெரிந்து சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா என்பது எனக்குத் தெரியாது. பொய் என்பது மட்டும் தெரியும். அது என் கொல்லை நிலத்தில் முளைத்து நின்றது.

நீங்கள் மறந்திருப்பீர்கள். பெரிய விஞ்ஞானி, எத்தனையோ ஊரில் எத்தனையோ மண்டபத்தில் பேசுகிறவர். நான் மறக்கவில்லை. மரவள்ளி விவசாயிகளுக்குக் கூட்டம் என்று சொல்லி எங்களைக் கல்வராயன் மலையிலிருந்து வேனில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். ஆளுக்கு ஒரு தொப்பி, ஒரு பை, ஒரு பிஸ்கட் பாக்கெட். முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகளை யாரும் எடுக்கவில்லை. மணமகன், மணமகள் பெயருக்குக் கீழே நின்றுகொண்டு நீங்கள் திரையில் படம் காட்டினீர்கள். முதல் படத்தில் ஒரு அறை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர். அடுத்த படத்தில் ஒரு கையும் அதில் ஒரு செல்போனும். மூன்றாவது படத்தில் ஒரு மரவள்ளிச் செடி.

“கம்ப்யூட்டர் இவ்வளவு நாள் ஓடினதெல்லாம் நடை. மரபணு ஆராய்ச்சி இனிமேல் ஓடப்போவதுதான் ஓட்டம்” என்றீர்கள். மரவள்ளியின் மரபணுவை எழுத்து விடாமல் படித்து முடித்துவிட்டோம் என்றீர்கள். “இந்தப் புது ரகத்துக்குத் தேமல் நோய் வராது. உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாமல் போய்விடும்” என்றீர்கள். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். பிஸ்கட் வாங்கியவள் தட்டாமல் இருக்க முடியுமா?

கம்ப்யூட்டர் வேகமாக வளர்ந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அதைப் படம் போட்டுக் காட்டியிருக்கவே வேண்டாம், மலையிலேயே பார்த்தவள் நான். எங்கள் ஊருக்கு முதல் செல்போன் வந்தபோது பேச வேண்டும் என்றால் ஊருக்கு மேலே இருக்கும் மொட்டைப்பாறையில் ஏற வேண்டும். அங்கே மட்டும்தான் சிக்னல். பாறைமேல் நின்று கத்திப் பேசுவோம். யாருக்கு வயிற்றுப்போக்கு, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள், எல்லாம் ஊருக்கே ஒலிபரப்பாகும். பிறகு டவர் வந்தது. பட்டன் போன் போய்த் தேய்க்கிற போன் வந்தது. இன்றைக்கு என் வீட்டுக்காரர் ஆடுகளை மேய விட்டுவிட்டு, எந்தக் கடலிலோ யாரோ மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஓடையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றாலே அதிசயம்.

பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் செயலிகூட எங்களுக்கு வந்துவிட்டது. பஸ்தான் இன்னும் ஒழுங்காக வரவில்லை.

மரவள்ளி வேறு கதை. நாங்கள் அதைக் குச்சிக்கிழங்கு என்போம். அதை விதை போட்டு வளர்ப்பதில்லை. கிழங்கைப் பிடுங்கியதும் தண்டுகளைக் கட்டாகக் கட்டி நிழலில் நிறுத்தி வைப்போம். மழை பிடித்ததும் அந்தத் தண்டைச் சாண் அளவுக்கு வெட்டி நடுவோம். குச்சி என்பது அதுதான். போன வருடத்துச் செடியே இந்த வருடமும் முளைக்கிறது. செடிக்குள் நோய் இருந்தால் அதுவும் சேர்ந்து முளைக்கும். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகப் போய்ச் சுருண்டுகொள்ளும். கிழங்கு விரல் பருமனில் நின்றுவிடும். ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்கு வெள்ளை ஈ அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மலைக்குக் கீழே சின்னசேலம் பக்கம் முழுக்கத் தேமல். மேலே குளிர் ஜாஸ்தி, ஈ கம்மி. அதனால் எங்கள் கொல்லைக் குச்சி சுத்தமாக இருந்தது. என் மாமியார் நட்ட செடியின் வம்சம் அது. கீழேயிருந்து ஆட்கள் தேடி வந்து வாங்கிப்போவார்கள். குச்சிக்கு நாங்கள் காசு வாங்கியதில்லை. கிழங்கை ஜவ்வரிசி மில்லுக்கு விற்போம். குச்சியைக் கொடுப்போம், அவ்வளவுதான். அந்தக் குச்சி எங்களிடம் மிஞ்சுமா மிஞ்சாதா என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கட்டிக்கொடுத்த பெண் நடவு சமயத்தில் தாய்வீட்டுக்கு வந்தால் வெறுங்கையோடு வரமாட்டாள். புருஷன் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு கட்டுக் குச்சி கொண்டுவருவாள். முதல் சாலில், அதாவது முதல் வரிசையில், அவளே தன் கையால் நடுவாள். புகுந்த வீட்டில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று வாயால் சொல்லாமல் சொல்வது அது. வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது. குச்சியை வேண்டாம் என்றால் பெண்ணையே வேண்டாம் என்ற மாதிரி.

என் நாத்தனாரை, அதாவது என் வீட்டுக்காரரின் தங்கையை, மலையடிவாரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தேமல் பிடித்த ஊர். ஒவ்வொரு வருடமும் அவள் ஒரு கட்டுக் கொண்டுவருவாள், நடுவாள், சோறு தின்பாள், என்னை நாலு வார்த்தை குத்திப் பேசிவிட்டுப் போவாள். குச்சி முளைத்ததும் நான் போய்ப் பார்ப்பேன். நோய் இருந்தால் முதல் இலையே காட்டிக்கொடுத்துவிடும். அதை மட்டும் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடுவேன். அது அவளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பாள். அடுத்த வருடம் வந்து, “நான் வச்சது எல்லாம் தழைச்சிதா அண்ணி?” என்று கேட்பாள். “காடு மாதிரி வந்துதும்மா” என்பேன். மரியாதையும் போகவில்லை, கொல்லையும் போகவில்லை. இத்தனை வருடம் இப்படித்தான் நடந்தது. இது நடந்ததற்கு ஒரே காரணம், நோய் தன்னைக் காட்டிக்கொண்டது.

உங்கள் கூட்டத்தில் புது ரகக் குச்சியைச் சிலருக்குக் கொடுத்தீர்களே, அதில் ஒரு ஆள் என் நாத்தனாரின் புருஷன். அடுத்த நடவுக்கு அவள் வந்தபோது தலையில் இருந்தது உங்கள் குச்சி.

நான் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல தடித்த குச்சி.

“இன்னா அண்ணி, மூஞ்சிய இப்படி வச்சிக்கினு பாக்குற? குச்சியா பாம்பா?”

“கீழ இருந்து வர்ற குச்சியில உன் குச்சிய மட்டும்தான் உள்ள வுடுறேன். பாக்கக்கூட கூடாதா?”

“நல்லா பாரு. இது உங்க பழைய குச்சி இல்ல. ஜீன் பாத்து செஞ்சது. நோவே அண்டாதாம். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டாங்களாம்.”

“கம்ப்யூட்டர் வந்து களை வெட்டுமா?”

“அத நீ வெட்டு. உனக்கு அது ஒண்ணுதான வரும்.”

என் வீட்டுக்காரர் சிரித்தார். தங்கை என்னை மட்டம் தட்டும்போது அவருக்கு வரும் சிரிப்பு தனிச் சிரிப்பு. அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு முதல் சாலில் உங்கள் குச்சியை நட்டாள். மீதி கொல்லை முழுக்க எங்கள் பழைய குச்சியை நட்டோம். மழையும் ஏமாற்றவில்லை.

முளைத்ததும் வழக்கம்போலப் போய்ப் பார்த்தேன். முதல் சால் பச்சைப் பசேல் என்று நின்றது. ஒரு இலையில்கூடத் திட்டு இல்லை, சுருக்கம் இல்லை. மனசுக்குள் உங்களைப் பாராட்டினேன். அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஆரம்பத்திலேயே குறை பிடித்தேன் என்று சொல்லாதீர்கள்.

என் வீட்டுக்காரருக்கு என் கண்மேல் நம்பிக்கை இல்லை. உங்கள் கூட்டத்தில் அவருடைய போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். இலையைப் படம் எடுத்தால் செடிக்கு என்ன நோய் என்று சொல்லும். மீன் பிடிப்பதை விட்டுவிட்டு அவர் இலை பிடிக்க ஆரம்பித்தார். முதல் சாலைப் படம் எடுத்தார். போன் கொஞ்சம் சுற்றியது. பச்சை நிறத்தில் எழுத்து வந்தது.

“பாரு, ‘ஆரோக்கியமான செடி’ன்னு வந்துடுச்சி. உனக்குத்தான் எதப் பாத்தாலும் எதுவும் நல்லா இல்ல.”

“உங்க மூஞ்சியப் புடிச்சிப் பாருங்க, அது இன்னா சொல்லுதுன்னு.”

பிடித்தும் பார்த்தார். ‘இது செடி அல்ல’ என்று வந்தது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், அந்த ஒரு விஷயத்தில் உங்கள் செயலி சரியாகச் சொன்னது.

செடி இடுப்பளவு வளர்ந்தபோது இரண்டாவது சாலில் கொழுந்து மஞ்சளடித்தது. அது எங்கள் பழைய குச்சி. என் மாமியார் காலத்திலிருந்து தேமல் பார்க்காத குச்சி. பிறகு மூன்றாவது சால். என் வீட்டுக்காரர் படம் எடுத்தார். இந்த முறை எழுத்து சிவப்பில் வந்தது. ‘தேமல் நோய். பாதிக்கப்பட்ட செடிகளை உடனே அகற்றவும்.’ அவர் அகற்றினார். போன் சிவப்பு என்றதை எல்லாம் பிடுங்கினார், பச்சை என்றதை எல்லாம் விட்டுவைத்தார். அவர் பிடுங்கப் பிடுங்க அடுத்த சால் மஞ்சளானது. முதல் சால் மட்டும் மாப்பிள்ளை மாதிரி நின்றது.

“பாத்தியா, எல்லாத்துக்கும் வந்துடுச்சி, தங்கச்சி வச்சதுக்கு மட்டும் வரல. புது ரகம்னா புது ரகம்தான்” என்றார்.

எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. எங்கள் பழைய குச்சிக்கு வயசாகிவிட்டது, அதன் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் மஞ்சள் எங்கிருந்து கிளம்பியது என்ற கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. காற்று வருகிற பக்கத்திலிருந்து வரவில்லை. பக்கத்துக் கொல்லை சாமை, அங்கே மரவள்ளியே கிடையாது. முதல் சாலை ஒட்டித்தான் கிளம்பியது.

நீங்கள் கொடுத்த பையில் ஒரு போன் நம்பர் அச்சடித்திருந்தது. அடித்தேன். ஒரு பதிவுக் குரல், எனக்கு வேண்டியது நெல்லா, கரும்பா, கால்நடையா என்று கேட்டது. எந்த எண்ணை அமுக்கினாலும் கடைசியில் நன்றி சொன்னது. சளைக்காமல் திரும்பத் திரும்ப அடித்ததில் ஒருநாள் நிஜ ஆள் எடுத்தது. சின்னப் பெண் குரல். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறதாம். அந்தப் பெண் யார் என்று சொல்லமாட்டேன். நீங்கள் கேட்டாலும் சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அது என்னையே திருப்பிக் கேட்டது.

“அக்கா, நோய் வராதுன்னு யாருக்கா சொன்னது?”

“உங்க பெரியவருதாம்மா. மண்டபத்துல.”

“வரும்க்கா. உள்ள இருக்கும். அந்த ரகம் அத இலையில காட்டாது, கிழங்கும் எடை குறையாது. அதுதான் அதோட விசேஷம்.”

“செரி. பக்கத்துல இருக்கிற செடிக்கு?”

“வெள்ளை ஈ உக்காந்தா போகும்க்கா.”

“அப்ப அத சுத்தமான கொல்லையில வைக்கலாமா?”

“கூடாதுக்கா. ஏற்கெனவே நோய் இருக்கிற ஊருக்குத்தான் அது. உங்க மலையில நாங்க ஒரு தடவகூட அத நட்டுப் பாக்கல.”

“இத மேடையில சொல்லலயே.”

“நான் மேடையில பேசுற ஆள் இல்லக்கா.”

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் பிடுங்கி எறிந்ததெல்லாம் எங்கள் செடி. விட்டுவைத்தது உங்கள் செடி. திருடனை உள்ளே உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டு, பறிகொடுத்தவனை இழுத்துக்கொண்டு போன போலீஸ் கதை.  அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் முதல் சாலை வெட்டிச் சாய்த்தார். அதற்குள் அது தன் வேலையை முடித்துவிட்டிருந்தது.

அந்தப் பெண்ணிடம் இன்னொன்றும் கேட்டேன். உண்மையிலேயே நோய் வராத குச்சி எப்போது வரும்? கம்ப்யூட்டரைவிட வேகமாக ஓடுகிறீர்களாமே?

அது சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. களைத்துப்போனவர்கள் சிரிப்பு. “ஜீனைப் படிக்கிறது இப்ப ஈசிக்கா, மிஷின் படிச்சிடும். ஆனா செடி வளரணும் இல்ல? அத சீக்கிரம் வளருன்னு சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் வச்சி, வளத்து, புடுங்கிப் பாக்கணும். ஒரு ஊர்ல நல்லா வந்தது இன்னொரு ஊர்ல வராது. திரும்ப முதல்ல இருந்து. எப்ப முடியும்னு எனக்குத் தெரியாதுக்கா.”

‘எனக்குத் தெரியாது.’ இந்த விஷயத்தில் இதுவரை நான் கேட்ட ஒரே நேர்மையான பதில் அதுதான். அதைச் சொன்ன பெண்ணுக்கு மேடை கிடையாது.

பிறகு நான் நிறைய யோசித்தேன். களை வெட்டுகிறவளுக்கு யோசிக்க நேரம் நிறைய உண்டு. ஜாதகத்தைக் கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதனால் பிள்ளை ஒரு நிமிஷத்தில் பிறந்துவிடுமா? படிப்பது வேறு, பெறுவது வேறு. நீங்கள் படித்ததைக் காட்டி, பெற்றுவிட்டதாகச் சொன்னீர்கள்.

இன்னொன்று. ஒருநாள் அந்தச் செயலி திறக்கவே இல்லை. என் வீட்டுக்காரர் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குத் துக்கப்பட்டார். சாயங்காலமே அப்டேட் வந்தது, சரியாகிவிட்டது. தப்பு செய்தவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அவர்கள் தப்பு செய்யலாம், விடிந்ததும் திருத்தலாம், மறுபடியும் தப்பு செய்யலாம். அதனால்தான் அந்தத் தொழில் அவ்வளவு வேகம். விழுந்தால் அடிபடாதவன் வேகமாகத்தான் ஓடுவான். உங்கள் தொழிலில் நீங்கள் விழுந்தால் அடி எனக்குப் படுகிறது. நட்ட குச்சிக்கு அப்டேட் வராது. பிடுங்கத்தான் முடியும். ஈ தூக்கிப்போனதைப் பிடுங்கவும் முடியாது.

மெதுவாகத்தான் வரும் என்று சொல்லியிருந்தால் நாங்கள் என்ன உங்களை அடித்திருப்போமா? காத்திருப்பது எங்களுக்குப் புதிதா? சாலைக்குக் காத்திருந்தோம். கரண்டுக்குக் காத்திருந்தோம். பட்டாவுக்கு இன்னும் காத்திருக்கிறோம். காத்திருப்பதில் மலைக்காரர்களுக்கு யாராவது பட்டம் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வரிசையில் நிற்போம். வேகம் வேண்டும் என்று கேட்டது நாங்கள் இல்லை. வேகம் என்ற பெயர் உங்களுக்கு வேண்டியிருந்தது.

கிழங்கு பிடுங்கும் சமயத்தில் மலைக்குக் கீழே நைனார்பாளையத்திலிருந்து மளிகைக்கடை பாய் வந்தார். கடை போக அவருக்குக் கொஞ்சம் மரவள்ளிக் கொல்லையும் உண்டு. வருடா வருடம் எங்களிடம்தான் குச்சி எடுப்பார். காசு வாங்கமாட்டோம் என்று தெரிந்து, வரும்போது பேரீச்சம்பழம் கொண்டுவருவார். இந்த முறையும் கொண்டுவந்தார். நான் பையை வாங்கவில்லை.

“இன்னாம்மா இது, ஆகாதவன் வூட்டுக்கு வந்தா மாதிரி நிக்க வைக்கிற?”

“குச்சி இல்ல பாய்.”

“அந்தா நிக்குதே.”

“அது நோவுக் குச்சி. எடுத்துக்கினு போனா உங்க கொல்லை போயிடும்.”

“என் கொல்லை எப்பவோ போயிடுச்சிம்மா. உன் குச்சிய வச்சா கொஞ்சம் கம்மியா போகும், அவ்ளோதான். நீயும் கைய விரிச்சா நான் எங்க போறது?”

 பாய் பழத்தை வைத்துவிட்டு வெறும் வண்டியோடு இறங்கிப்போனார். அந்தப் பழத்தை எங்கள் வீட்டில் யாரும் தொடவில்லை. கடைசியில் எறும்பு தின்றது.

இதைவிட மோசம் என் நாத்தனார் விஷயம். ஊரில் சும்மா இருப்பார்களா? கீழேயிருந்து அவள் கொண்டுவந்துதான் மலைக்கே தேமல் வந்தது என்று பேச ஆரம்பித்தார்கள். பக்கத்து ஊர்க் கொல்லையிலும் மஞ்சள் தெரிந்ததும் அதையும் அவள் கணக்கில் எழுதினார்கள். செயலியைப் பற்றி யாரும் பேசவில்லை. உங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. பழி சொல்ல ஒரு பெண்ணின் கை ராசி கிடைத்துவிட்டால் ஊருக்கு அதற்குமேல் ஆராய்ச்சி வேண்டாம். இந்த விஷயத்தில் எங்கள் ஊர் கம்ப்யூட்டரையும் மிஞ்சிய வேகம்.

ஊரில் ஒரு சாவுக்கு வந்த நாத்தனார் எங்கள் வீட்டுக்குள் வராமலே திரும்பப் பார்த்தாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“வுடு அண்ணி. என் கை பட்டா உன் வூட்டுக் கதவும் மஞ்சளாப் போயிடும்.”

“எவ சொன்னா? வந்து சொல்லச் சொல்லு.”

“எவளும் வந்து சொல்லமாட்டா. நான் அந்தாண்ட போனதும்தான் சொல்லுவாங்க.”

“உள்ள வா, சோறு தின்னு.”

“இத்தினி வருசம் நான் வச்சத நீ புடுங்கிப் போட்டது எனக்குத் தெரியாதா? இத மட்டும் ஏன் அண்ணி புடுங்காம வுட்ட?”

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். இலை நன்றாக இருந்தது, நான் என்ன செய்ய? அவளுக்கு அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஆனால் நடவுக்கு வரமாட்டேன் என்றாள். ஊரெல்லாம் பார்க்க இது யார் தப்பு என்று ஒருவர் சொல்கிற வரைக்கும் முதல் சாலில் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கள்ளக்குறிச்சியில் உங்கள் அடுத்த கூட்டம். செயலியின் புது வடிவத்தை வெளியிட்டீர்கள். இப்போது அது பேசுமாம். வாயால் கேட்டால் வாயால் பதில் சொல்லுமாம். நான் எழுந்து நின்று கேட்டேன். புது ரகம் நோயை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே காட்டாது என்பது உண்மையா? சுத்தமான கொல்லையில் வைக்கக் கூடாது என்பது உண்மையா? நீங்கள் புன்னகையோடு, “நல்ல கேள்விம்மா” என்றீர்கள். “இதையே செயலியில் பதிவு பண்ணுங்க, விரிவா பதில் வரும்” என்றீர்கள். தொப்பி போட்ட ஒருவர் என்னை உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்து செயலியிடம் கேட்டேன். அது மரியாதையானது, என்னை அம்மா என்றது. ‘நீங்கள் கேட்க விரும்புவது வாழையில் இலைப்புள்ளி நோய் பற்றியா?’ என்றது. இல்லை என்றேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ என்றது. பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி அந்தச் செயலியை அழித்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று அது.

இப்போதைய நிலைமை இது. கொல்லை முழுக்கப் பிடுங்கிக் கொளுத்தியாகிவிட்டது. சாமைக் கொல்லையைத் தாண்டி எங்களுக்கு இருக்கும் ஒரு துண்டு நிலத்தில் கொஞ்சம் பழைய செடி தனியாக நின்றது. அதன் தண்டுகளை மட்டும் கட்டிவைத்திருக்கிறோம். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் பார்ப்பதற்கு இனி அர்த்தம் இல்லை. அந்த அர்த்தத்தை நீங்கள் அழித்துவிட்டீர்கள். நன்றாக இருக்கும் இலையைப் பார்த்தாலும் இப்போது எனக்கு நம்பிக்கை வருவதில்லை. உள்ளே நோய் இருக்கிறதா என்று அறிய ஆராய்ச்சிக்கூடத்தில்தான் சோதிக்க வேண்டும். அந்தச் சின்னப் பெண் இலை அனுப்பச் சொன்னது, அனுப்பினோம். மிஷின் இருக்கிறது, அதில் ஊற்ற வேண்டிய மருந்து வரவில்லை, வந்ததும் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறது. கம்ப்யூட்டரைவிட வேகமாக ஓடுகிற துறை, மருந்து பாட்டிலுக்காக நின்றுகொண்டிருக்கிறது.

மழை எங்களுக்காகக் காத்திருக்காது. கட்டிவைத்த குச்சி காய்ந்தால் போயிற்று. நட்டால் நோயை நானே வளர்க்கிறேனோ தெரியாது. நடாவிட்டால் என் மாமியார் வம்சத்துக் குச்சி இத்தோடு முடிந்தது. அதை நடுவதாக இருந்தால் முதல் சாலில் நட ஒருத்தி வர வேண்டும், அவள் உங்களால் வரமாட்டேன் என்கிறாள்.

அதனால் கேட்கிறேன். செயலியில் பதில் வேண்டாம். தபாலில் வேண்டாம். எனக்குத் தனியாக போன் போட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். மலையேறி எங்கள் வெள்ளிமலைக்கு வாருங்கள். சந்தை கூடுகிற நாளில், என் நாத்தனாரைப் பேசியவர்கள் எல்லாம் நிற்கும்போது, அவள் பக்கத்தில் நின்று பதில் சொல்லுங்கள். அந்தக் குச்சிக்குள் நோய் இருக்கும் என்று கொடுக்கும்போதே உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றால் ஏன் மறைத்தீர்கள்? தெரியாது என்றால் எதைப் படித்து முடித்தீர்கள்? மலைக்குத் தேமலைக் கொண்டுவந்தது இந்தப் பெண்ணின் கையா, உங்கள் கையா? மழைக்கு முன்னால் வந்து சொல்லுங்கள்.